கூண்டில் இல்லாத ஜோடி

மார்கழி மாதம் கல்யாண போட்டோகிராபருக்கு முப்பது நாள் ஏகாதசி. முகூர்த்தம் கிடையாது, ஸ்டூடியோவில் ஈ ஓட்டலாம். எழுபதுகளின் கடைசியில் அப்படி ஒரு மார்கழியில், திருத்துறைப்பூண்டியில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரைஸ்மில் முதலாளி சிதம்பரநாதன் படியேறி வந்தார்.

தை பிறந்ததும் அவர் மகளுக்குக் கல்யாணம். மில்லுக்கு எஞ்சின் வாங்க ராஜ்கோட் போயிருந்தவர், அங்கே ஒரு சேதி கேட்டு வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் சாரஸ் கொக்கு என்று ஒரு பறவை, ஆள் உயரம், எப்போதும் ஜோடியாகவே திரியும். கல்யாணமான கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துப் போய் அந்த ஜோடியைக் காட்டுவார்களாம். அந்தப் படம் மகளின் பத்திரிகையில் வரவேண்டும்.

"மெட்ராஸ்ல மிருகக்காட்சி சாலையில இருக்கான்னு பாக்கறேங்க" என்றேன்.

"கூண்டுல கெடக்குற ஜோடி வேணாம்ப்பா. கல்யாணப் பத்திரிகையில ஜெயில்ல இருக்கறவங்க படத்தையா போடுவாங்க?"

நியாயமான கேள்வி. சாரஸ் தெற்கே வராத பறவை. எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் கோடியக்கரை, அங்கே பூநாரையும் உள்ளானும் கூட்டம் கூட்டமாக இறங்கும். அதையெல்லாம் ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவன், ஒரு கொக்குக்காக வடக்கே போகும்படி ஆயிற்று. ராஜ்கோட்டில் எனக்கு அக்கா இல்லை, டெல்லியில் இருந்தாள். அந்தப் பக்கமும் சாரஸ் உண்டாம். ஆகவே டெல்லி. நாகப்பட்டினத்து டாக்டர் ஒருவரிடம் முழ நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருந்தது. "இதுல ஒரு கீறல் விழுந்தா உனக்கு நான் தையல் போடுவேன்" என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று பிலிம் ரோல்களோடு கிளம்பினேன்.

டெல்லியில் இறங்கியபோது டெல்லியைக் காணவில்லை. அவ்வளவு மூடுபனி. பிளாட்பாரத்தில் என் கையை நீட்டிப் பார்த்தேன், விரல்கள் மங்கலாகத் தெரிந்தன. "மாப்ள!" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. குரலைத் தொடர்ந்து குரங்குக் குல்லாய், அதற்குள் அத்தான். அக்காவின் கணவர், மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர், டெல்லிக்கு வந்து பத்தொன்பது வருஷம். அவருடைய மன்னார்குடித் தமிழில் பாதிக்கு மேல் இந்தி கலந்துவிட்டிருந்தது.

"அச்சா மாப்ள, போட்டோ கீச்சறதுன்னா காலைல ஜல்தி எழுந்திரிக்கணும்" என்றார்.

கீச்சுவது பறவையின் வேலை என்று நினைத்திருந்தேன். இந்தியில் படம் எடுப்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம்.

ஆர்.கே.புரத்தில் அவர்களுடைய குவார்ட்டர்ஸ். அக்கா மல்லிகா கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். ஊர் புழுங்கலரிசி. பிரித்து ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுத்தான், "வாடா தம்பி, சாப்பிட்டியா?" என்றாள். அன்றைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைத்த முருங்கைக்காயில் சாம்பார் வைத்திருந்தாள். என் தட்டில் இரண்டு துண்டு, அத்தானுக்கு ஒன்று, தனக்கு வெறும் குழம்பு. டெல்லியில் முருங்கைக்காய் மருந்து மாதிரி அளவாகத்தான் பரிமாறப்படுகிறது.

மறுநாள் விடியலில் அத்தானின் ஸ்கூட்டரில் ஓக்லா பக்கம் யமுனைக் கரைக்குப் போனோம். ஆற்றில் கொக்கும் நாரையும் இருக்கும் என்று அவர் ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அத்தானின் பழைய ஓவர்கோட்டைப் போட்டுவிட்டாள் அக்கா. முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நாப்தலின் வாசனையில் எனக்கே தும்மல் வந்தது. ஈரம் தாக்காமல் இருக்கட்டும் என்று என் சாதாரண லென்ஸைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் பத்திரப்படுத்திவிட்டு, முழ நீள லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

கரையில் வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் பனி. அரை மணி நேரம் நின்றோம். பிறகு பனிக்குள் அசைவு தெரிந்தது. இரண்டு சாம்பல் நிற உருவங்கள், தண்ணீரோரம் ஜோடியாக. தலை மட்டும் சிவப்பு. சாரஸுக்கு உடல் சாம்பல், தலை சிவப்பு என்று படித்து வைத்திருந்தேன். குனிந்து மூன்று படம் எடுத்தேன்.

உருவங்கள் இரண்டும் உட்கார்ந்தன.

"கொக்கு ஒக்காருமா அத்தான்?" என்று கிசுகிசுத்தேன்.

"இந்தக் குளிருக்கு யானையே ஒக்காரும் மாப்ள. நீ கீச்சு."

இன்னும் எட்டுப் படம் எடுத்தேன். அப்போது இரண்டில் ஒரு கொக்கு பீடி பற்ற வைத்தது.

சாம்பல் நிறப் போர்வை, தலையில் சிவப்பு மப்ளர், பக்கத்தில் ஆளுக்கொரு சொம்பு. காலைக்கடனுக்கு ஒதுங்கிய இரண்டு பேரைப் பதினொரு கோணத்தில் படம் பிடித்திருக்கிறேன். பனி விலகியதும் அவர்களும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சொம்பு பறந்து வந்தது. ஓடினோம். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அத்தான் அதை இடது பக்கம் சாய்த்தார், உதைத்தார், மறுபடி சாய்த்தார். இரண்டாவது சொம்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் இன்ஜின் மனமிரங்கியது.

பின்னால் அவர்கள் "சோர்! சோர்!" என்று, அதாவது திருடன் என்று, கத்திக்கொண்டே வந்ததால், அடுத்த திருப்பத்தில் இருந்த போலீஸ் சாவடி எங்களை வரவேற்றது.

சாவடிப் பொறுப்பாளருக்குக் காது வரை மீசை. லென்ஸை மேஜைமேல் வைத்து எல்லாப் பக்கமும் பார்த்தார். ஆற்றுக்குக் குறுக்கே அணை, அணைக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய குழாயோடு ஒரு மதராஸி. அவர் நினைத்ததில் தப்பில்லை.

"இதனால் எதைப் பார்ப்பாய்?"

"கொக்கு" என்று அத்தான் இந்தியில் சொன்னார்.

"எதற்கு?"

"கல்யாணப் பத்திரிகைக்கு."

பொறுப்பாளர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். "இவர்கள் உளவாளி இல்லை. உளவாளி இதைவிட நல்ல பொய்யாகத் தயாரித்து வைத்திருப்பான்" என்று சொன்னதாக அத்தான் பிறகு மொழிபெயர்த்தார்.

இஞ்சி டீ வந்தது. நான் தொழில்முறைப் படக்காரன் என்று தெரிந்ததும் பொறுப்பாளர் மெல்ல மீசையைத் தடவினார். அவருக்குப் பதவி உயர்வு வரப்போகிறது, ஒரு படம் வேண்டும். வழுக்கை தெரியக்கூடாது, மீசை முழுசாகத் தெரிய வேண்டும்.

சந்தோஷமாக ஒத்துக்கொண்ட பிறகுதான் நினைவு வந்தது, சாதாரண லென்ஸ் அரிசி டப்பாவில் இருக்கிறது. என்னிடம் இருந்த லென்ஸில் பக்கத்தில் நின்று எடுத்தால் ஒரு மூக்குத் துவாரம் மட்டும்தான் விழும். ஆகவே நான் பின்வாங்கினேன். சாவடி வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர்ப்புறம் ஒரு பஞ்சர் கடையின் சுவரில் முதுகு முட்டும் வரை போனேன். நடுவில் போன லாரிகளை ஒரு கான்ஸ்டபிள் கை காட்டி நிறுத்தினார். நான் "மோவாயைக் கொஞ்சம் தாழ்த்துங்க" என்பேன். அத்தான் சாலை நடுவில் நின்று அதை இந்தியில் கத்துவார். அதைக் கான்ஸ்டபிள் மரியாதையாக அதிகாரியின் காதில் சொல்வார். நின்ற லாரிகளிலிருந்து டிரைவர்களும் யோசனை சொன்னார்கள். பொறுப்பாளரின் படம் முடிந்ததும் கான்ஸ்டபிள்கள் ஆறு பேர். ஒவ்வொருவரும் சிரித்து ஒன்று, முறைத்து ஒன்று, சைக்கிளோடு ஒன்று. பஞ்சர் கடைக்காரரும் கேட்டார், சுவர் அவருடையது, மறுக்க முடியுமா?

இரண்டு ரோல் தீர்ந்தது. விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, வழியில் ஆளுக்கு இரண்டு பட்டூரா தின்றோம். பட்டூரா என்பது கோபித்துக்கொண்டு உப்பிய பூரி. பசியில் அதுவும் தேவாமிர்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு ஆம்பளைங்க போயி, பீடி குடிக்கிறவனப் படம் புடிச்சிட்டு வந்திருக்கீங்க. வெளிய சொல்லிடாதீங்க."

மூன்றாம் நாள் எனக்கு ஜலதோஷம், அத்தானுக்கு ஆபீஸ். நான் இரண்டு கம்பளிக்குள் கிடந்தேன். அக்கா மலைமந்திருக்குப் போய் முருகனிடம் என் கொக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் வழி காட்டியது பால்காரர். அவர் தினமும் நஜஃப்கட் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் கேன் கட்டி வருகிறவர். அக்கா அவர் முன்னால் இரண்டு கையையும் விரித்து, கழுத்தை நீட்டி, தலையைத் தொட்டுக் காட்டி, தன் சிவப்பு ரவிக்கையையும் காட்டினாள். அவர் பயந்துபோய் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பிறகு, "ஓ! சாரஸ்! என் சித்தி வயல்ல நிக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே தலைமை தாங்கினாள். "இந்தத் தடவ நான் வரேன். நீங்க ரெண்டு பேரும் போனா எருமையக் கொக்குன்னு சொல்லுவீங்க." புளிச்சோறு கட்டினாள். நஜஃப்கட் வரை பஸ். அதற்கப்பால் பட்பட்டி: முன்னால் பழைய ராணுவ மோட்டார் சைக்கிள், பின்னால் கூண்டு வண்டி. எட்டுப் பேருக்கானது, பதினாலு பேர் ஏறினோம். மனிதர்களுக்கு மடி இருப்பது ஆட்டுக்காகத்தான் என்று நினைத்த ஒருவர் தன் ஆட்டை என் மடியில் வைத்தார். அது வழி நெடுக என் குல்லாயின் குஞ்சத்தைச் சுவைத்து வந்தது. என் மூன்றாவது ரோல் போட்ட காமிராவை அக்கா கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இறங்கி, கடுகு பூத்த வயல்களுக்கு நடுவே நடந்தோம். எங்கள் ஊர்ப் பக்கம் மார்கழி வயல் பச்சையாக இருக்கும். இங்கே மஞ்சள் கொட்டிக் கிடந்தது. மஞ்சள் முடிந்த இடத்தில் தேங்கிய ஏரித் தண்ணீர். அந்தத் தண்ணீரோரம் அவை நின்றன.

பீடி இல்லை, சொம்பு இல்லை. சாம்பல் உடல், ரத்தச் சிவப்புத் தலை, இளஞ்சிவப்புக் கால். அக்காவின் உயரம் இருக்கும் இரண்டும். நான் லென்ஸைத் தூக்கினேன்.

"பந்தூக்!" என்று ஒரு கூச்சல். பாவாடை வரிந்து, காலில் கனத்த வெள்ளித் தண்டை, கையில் அரிவாளோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் எனக்கும் கொக்குகளுக்கும் நடுவில் வந்து நின்றாள். பால்காரரின் சித்தி. லென்ஸைத் துப்பாக்கி என்று நினைத்துவிட்டாள். போன வருஷம் பட்டணத்திலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் இந்த ஜோடியைச் சுட்டிருக்கிறார்கள். பெட்டைக்குக் காலில் பட்டு, இரண்டு மாதம் நொண்டியதாம். அரிவாள் என் கழுத்துக்கு நேராக இருந்தது.

அத்தான் முன்னால் வந்து பேசினார். பத்தொன்பது வருஷம் கோப்புகளில் எழுதிய இந்தி அது. 'மேற்படி பொருள் குறித்துத் தங்களின் மேலான அனுமதியைப் பணிவுடன் கோருகிறோம்' என்கிற ரகம்.

"இந்த ஆள் எந்த பாஷை பேசுகிறான்?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

அக்கா அத்தானை ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள். அவளுக்குத் தெரிந்தது காய்கறி இந்தி. விலை கேட்க, குறைத்துக் கேட்க, கோபித்துக்கொள்ள, அவ்வளவுக்குத்தான் வார்த்தை. உள்ளதை வைத்துத் தொடங்கினாள். கொக்குகளை நோக்கி இரண்டு விரலைக் காட்டி, "தோ கா கித்னா?" என்றாள். இரண்டும் என்ன விலை.

அந்த அம்மாள் திகைத்தாள். அக்காவின் முகத்தில் விளையாட்டு துளியும் இல்லை. அரிவாள் கொஞ்சம் தாழ்ந்தது. தூரத்தில் மேய்ந்த தன் எருமைகளைக் காட்டி, "அது மாதிரி ரெண்டு எருமை" என்றாள்.

"ஜ்யாதா ஹை" என்றாள் அக்கா, பழக்க தோஷத்தில். விலை அதிகம். "ஏக்." ஒன்று.

முடியாது என்று தலையாட்டினாள் அந்த அம்மாள். உடனே அக்கா, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் செய்வதைப்போலவே முகத்தைச் சுளித்து, புடவையை உதறி, திரும்பிப் பத்து அடி நடந்தாள். வயல் நடுவே எங்கே போகிறாள் என்று எங்களுக்கும் புரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. பின்னால் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் அரிவாளை மண்ணில் குத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "வா, வா, ஒன்றே போதும்" என்று கூப்பிட்டாள். கடைக்காரர்கள் கூப்பிடுவதும் அதே தொனியில்தான்.

லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தவள் துள்ளிப் பின்வாங்கினாள். லென்ஸுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கொக்குகள் தூரத்தில்தான் இருந்தன. மறுபடி உள்ளே பார்த்தாள், பக்கத்தில். "போ, போ அந்தப் பக்கம்!" என்று கொக்குகளை அதட்டினாள். சுடுகிற கருவி இல்லை என்று நிச்சயமானதும் எனக்கு ஒரே நிபந்தனை விதித்தாள். அவை எழுந்து பறக்கும்படி பண்ணக்கூடாது, விரட்டினால் நாள் முழுக்க மேயாது.

ஓவர்கோட்டோடு சேற்றில் படுத்து ஊர்ந்தேன். அத்தானின் கோட்டு என் எடையைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தது. ஸ்டூடியோவில் நான் ராஜா. 'கழுத்தைத் திருப்புங்க' என்றால் தாசில்தாரும் திருப்புவார். இங்கே இரண்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழங்கு தோண்டின. ஒரு மணி நேரம் கழித்து லேசாகத் திரும்பியபோது, நடுவில் ஓர் எருமை வந்து நின்று அசை போட ஆரம்பித்தது. அக்காவின் ஜோசியம் பலித்துவிடும்போல் இருந்தது. அந்த அம்மாள் கரையிலிருந்து நாக்கைச் சுழற்றி ஏதோ ஓசை எழுப்ப, எருமை அலுத்துக்கொண்டு நகர்ந்தது.

பனி முழுக்க விலகி வெயில் விழுந்த நேரம், ஆண் கழுத்தை வானத்துக்கு நிமிர்த்தி எக்காளம் ஊதியது. அது நெடுக ஒன்று ஊதினால் பெட்டை துண்டு துண்டாக இரண்டு பதில் கொடுத்தது. இரண்டும் இறக்கையை விரித்தன, குனிந்தன, எம்பிக் குதித்தன. பெட்டை இறங்கும்போது மட்டும் ஒரு கால் சற்றுத் தடுமாறியது. ஆண் ஒவ்வொரு தடவையும் குதிப்பதை நிறுத்தி, அது நிலைகொண்ட பிறகே மறுபடி எம்பியது.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்த வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

"மாப்ள, கீச்சு! கீச்சு!" என்று அத்தான் கரையில் அலறினார்.

சத்தத்துக்கு இரண்டு தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். ஆண் நடந்து வந்தது, லென்ஸில் பெரிதாகிக்கொண்டே போயிற்று. முதலில் முழு உடல், பிறகு கழுத்து, பிறகு ஆரஞ்சு நிறக் கண். அதற்கு மேல் பார்வை தெளியவில்லை. என்ன கோளாறு என்று காமிராவைக் கீழே இறக்கினால், கோளாறு எனக்கு எதிரே இரண்டு எட்டில் நின்றது. அலகு என் முழங்கையளவு.

எழுந்து பின்னால் போனேன், கோட்டுத் தடுக்கி மல்லாந்து விழுந்தேன். டாக்டரின் தையல் நினைவுக்கு வந்து, காமிரா பிடித்த கை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. ஆண் என்னைச் சற்று நேரம் குனிந்து பார்த்தது. இது ஒன்றுக்கும் உதவாத ஜந்து என்று முடிவு கட்டியதுபோல் திரும்பித் தன் ஜோடியிடம் நடந்தது. பறக்கவில்லை. நிபந்தனையை நான் மீறவில்லை.

என் துணியெல்லாம் அடுப்பருகே காய்ந்தது. அந்த அம்மாளுடைய கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பு ரொட்டி, அதன்மேல் எலுமிச்சையளவு வெண்ணெய், கடுகுக்கீரை மசியல், வெல்லம். ஊரில் கம்பங்கூழ் தின்றிருக்கிறேன், கம்பை இப்படி ராஜ உபசாரத்தோடு பார்த்ததில்லை. அக்காவின் புளிச்சோற்றை ஒரு வாய் வைத்த அந்த அம்மாள் கண் கலங்க, "எந்த வியாதிக்கு இந்த மருந்து?" என்று கேட்டாள். ஆனாலும் முழுவதையும் தின்றாள்.

அத்தான் கயிற்றுக்கட்டிலில் குறட்டை விட்டார். அக்காவும் அந்த அம்மாளும் கீரை ஆய்ந்தபடி பேசினார்கள். ஒருத்திக்குக் காய்கறி இந்திக்கு மேல் தெரியாது, ஒருத்திக்குத் தமிழே தெரியாது. இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார்கள். பஸ்ஸில் நான் கேட்டேன், "அப்படி என்னக்கா பேசினீங்க?"

"அவ மருமவ சரியில்லையாம்டா" என்றாள்.

ஊருக்கு வந்து இருட்டறையில் கழுவிப் பார்த்தேன். பாதி எருமை. சிலவற்றில் வெறும் அலகு. ஒன்றே ஒன்று, இரண்டும் இறக்கை விரித்துத் தலையைத் திருப்பிய கணம், கத்தி மாதிரி விழுந்திருந்தது. மீசைக்காரருக்கும் மற்றவர்களுக்கும் பிரதி போட்டு அனுப்பினேன். அவர் வழுக்கை தெரியவில்லை.

சிதம்பரநாதன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார். "இதுல எது பொண்ணு, எது மாப்பிள்ளை?"

"ஒசரமா இருக்கறது மாப்பிள்ளைங்க."

அவர் முகம் விழுந்தது. அவருடைய மகள் மாப்பிள்ளையைவிட நாலு விரல்கடை உயரம். சம்பந்தி வீட்டில் குத்திக் காட்டுவதாக நினைத்துக்கொண்டால்? பத்திரிகையில் வழக்கம்போல் பிள்ளையார்தான் வந்தார். படத்தைச் சட்டம் போட்டு மில்லில் தராசுக்கு மேலே மாட்டிக்கொண்டார். நெல் கொண்டுவந்தவர்களெல்லாம் தராசை விட்டுவிட்டுக் கொக்கைப் பார்த்தது அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

ஆவணியில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அந்த அம்மாள் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை பட்பட்டியில் போய் வருகிறாளாம். எருமை கன்று போட்டிருக்கிறதாம். மருமகள் இப்போது பரவாயில்லையாம். ஏரி நிரம்பி, நடுத் தண்ணீரில் புல்லைக் குவித்து சாரஸ் கூடு கட்டி, இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறதாம். 'பெட்டை கூட்டை விட்டு எழுந்தால் ஆண் உட்கார்ந்துகொள்கிறது, உன் அத்தானையும் அழைத்துப் போய்க் காட்டினேன்' என்று எழுதியிருந்தாள்.

அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரிதான் முடியும். ஊரில் மழை உண்டா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, எப்போதுதான் எங்களுக்கு இந்த டெல்லியை விட்டு விடுதலையோ. கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், மடிப்புகளிலும் தேடினேன். இந்தத் தடவை அதையெல்லாம் கேட்க மறந்திருந்தாள்.